ஹோன் சத்தம் இல்லாத பத்தொன்பது நாள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெவினின் சைக்கிள் பிரேக்கில் எந்தக் குறையும் இருக்கவில்லை. முன்பக்கக் கட்டை இரண்டும் புதுசு. பின் கேபிளை அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் மாற்றினேன். மாற்றிவிட்டு, பசறை பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிவாசல் இறக்கம் வரை நானே ஓட்டிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவே பார்த்துச் சிரிக்க. அப்படிப்பட்ட என்னைத்தான், "நிஸாம் நானா போட்ட பிரேக் புடிக்கலயாம், பையன் போய்ட்டானாம்" என்று ஊர் இரண்டு நாள் பேசியது. பதுளையிலிருந்து வாகனப் பரிசோதகர் வந்து, சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரேக் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வாயை மூடினார்கள்.

கோபம் இருக்கிறது எனக்கு. இல்லாமல் போகுமா? ஆனால் அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றும் இருக்கிறது. செய்தி வந்ததும் என் மனசில் முதலில் வந்தது பிரேக்தான். பையன் அதற்குப் பிறகுதான் வந்தான். மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும், "நானா, சைக்கிளப் பாத்துக்கோங்க" என்று என் சைக்கிள் கடை ஓரத்தில் சாய்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிய பையன்.

கெவின் செங்கமலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பத்தொன்பது வயது. அப்பா அந்தோனிமுத்து தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அம்மா செசிலி கொழுந்து எடுக்கிறவள். தங்கை ஜெசீகா பசறையில் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். பெற்றோல் தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் நின்ற காலத்தில், மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் என் கடைக்கு வந்தன. கால் வைக்க இடமில்லை. சாப்பிட நேரமில்லை. பிறகு பெற்றோல் வந்தது, டவுன்காரர்கள் சைக்கிளைத் திரும்ப மூலையில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கவில்லை. அந்த வரிசைக் காலத்தில் நின்றுபோன காலை பஸ் செங்கமலைக்குத் திரும்பி வரவே இல்லை. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. கெவின் பழைய சைக்கிள் இரண்டை என்னிடம் வாங்கி, தனக்கும் தங்கைக்குமாகச் சரி பண்ணிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். காலையில் ஆறு கிலோமீற்றர் இறக்கம், பத்துப் பேரும் வரிசையாக வந்து என் கடை முன்னால் மூச்சு வாங்குவார்கள். பின்னேரம் பாதி தூரம் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள்.

அவன் பதுளையில் மோட்டார் மெக்கானிக் படிப்புப் படித்தான். படித்தது மோட்டார், பேசியதெல்லாம் சைக்கிள். மட்காட்டில் வெள்ளைப் பெயின்டால் 'புகை இல்லை' என்று எழுதி வைத்திருந்தான்.

"நானா, ஏத்தத்துக்கு மட்டும் ஒரு பெட்டரி மோட்டர் வச்சா போதும். கொழுந்து எடுக்குற பொம்பளைங்க கூட ஓட்டலாம்."

"ஒங்கட அம்மா கூடையோட சைக்கிள்ள போறத நான் பாக்கோணுமே."

"சிரிங்க, சிரிங்க. ரெண்டு வருசத்துல ஒங்க கட முன்னால வரிசையில நிப்பாங்க."

"வரிசையா? போதும் மகன். ஒரு வரிசையே பாத்தாச்சு."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வது.

அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கமலைக்கு ஏறும் ரோட்டில், தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை ரோட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்காரன் உடைக்க முடியாமல் விட்டது. அதைக் குடைந்து மாதா சுரூபம் வைத்திருக்கிறார்கள். மாதா கெபி வளைவு என்று பேர். பாறைக்கு இந்தப் பக்கத்தில், லயத்திலிருந்து இறங்கும் கொங்கிரீட் பாதை ரோட்டில் வந்து சேர்கிறது. அந்தப் பாதையில் இறங்குகிறவனுக்கு, மேலிருந்து ரோட்டில் வரும் வாகனம் தெரியாது. வாகனக்காரனுக்கும் இவன் தெரியமாட்டான். பாறை மறைத்துவிடும்.

ஆனாலும் அந்த இடத்தில் ஒரு கோழிக்குஞ்சு கூட அடிபட்டதில்லை. காரணம் ஹோன். மேலிருந்து இறங்கும் எந்த வாகனமும் அந்த வளைவில் மாதாவுக்கு ஒரு ஹோன் அடிக்காமல் போகாது. கும்பிடு போடுகிற மாதிரி. வேதக்காரனும் அடிப்பான், மாரியம்மனைக் கும்பிடுகிறவனும் அடிப்பான், சிங்கள பஸ் டிரைவரும் அடிப்பார், ஆட்டோ ஓட்டும் என் மச்சான் பஸீலும் அடிப்பான். லயத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். பாதை முடிவில் நில். காதைக் கொடு. ஹோன் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள். கேட்காவிட்டால் போ. அவ்வளவுதான் அவர்களுடைய சட்டம்.

கெவினுக்கு இது போதவில்லை. வளைவில் ஒரு வட்டக் கண்ணாடி வைக்க வேண்டும் என்றான். வெளிநாட்டில் எல்லாம் இருக்கிறதாம், படம் காட்டினான். நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்குக் கடிதம் கொடுத்தான். அந்தோனிமுத்து டயர் வாங்க வந்த நேரம், என் கடையில் வைத்தே அவனைக் கேலி பண்ணினார்.

"மாதா நிக்கிறா. போறவன் வாரவனெல்லாம் ஹோன் அடிக்கிறான். கண்ணாடி எதுக்குடா ஒனக்கு, மொகம் பாத்துப் பவுடர் போடவா?"

"எல்லாரும் எப்பவும் அடிப்பாங்கன்னு என்னப்பா நிச்சயம்?"

"அடிக்காம எவன்டா போவான்?"

நானும் சிரித்தேன். மறைப்பானேன்.

அந்தோனிமுத்துவின் அப்பா சவரிமுத்து இரண்டு வருஷம் வாதத்தில் படுத்த படுக்கை. அவர்கள் வீடு லயத்தின் கடைசிக் காம்பரா, பாறையை ஒட்டினாற்போல. ஒவ்வொரு ஹோனுக்கும் மனுஷனுக்கு உடம்பு தூக்கிப் போடும். வாய் கோணிப்போய் பேச்சு வராது. கண்ணை மட்டும் உருட்டி மருமகளைப் பார்ப்பார். செசிலி மலையிலிருந்து நனைந்துகொண்டு ஓடி வந்து, அவரைக் கழுவி, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடுவாள். பெற்ற மகள் செய்யமாட்டாள் அந்த வேலையை. கொஞ்சம் கண் அயர்வார், உடனே ஒரு லொறி ஹோன் அடிக்கும். "தூங்க விடுறானுங்களா பாருங்க மாமா" என்று நெஞ்சைத் தடவிவிடுவாளாம்.

ஐப்பசி மாசத்து மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி கட்டினார்கள். வெள்ளைக்கொடி கண்டால் நம்முடைய நாட்டில் எந்த டிரைவரும் ஹோனில் கை வைக்க மாட்டான். அடக்கம் முடிந்து இரண்டு நாளில் கொடியை அவிழ்த்துவிடுவது வழக்கம். செசிலி அவிழ்க்க விடவில்லை.

"முப்பதாம் நாள் பூச வரைக்கும் இருக்கட்டும். ரெண்டு வருசமா அந்த மனுசன் ஒரு தூக்கம் ஒழுங்கா தூங்கல. ஒரு மாசமாச்சும் இந்த எடம் சும்மா இருக்கட்டும்."

"அவருதான் போய்ட்டாரே செசிலி. இனி யாருக்குக் கேக்கப் போவுது?" என்றார் அந்தோனிமுத்து.

"எனக்குக் கேக்கும்" என்றாள்.

செசிலி கொடியை மட்டும் நம்பி இருக்கவில்லை. ரோட்டில் நின்று, வருகிற டிரைவர்களிடம் தானே சொன்னாள். கொழுந்து லொறி ஓட்டும் மாரிசாமியிடம் முதலில். மாரிசாமி இருபத்திரண்டு வருஷம் அந்த ரோட்டில் லொறி ஓட்டுகிறவர். குடியில்லை, சிகரெட் இல்லை. அந்தோனிமுத்துவும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். கெவினுக்கு அவர் மாமா.

விபத்து நடந்தது பத்தொன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை. காலைக் கொழுந்து நிறுத்து முடிந்து, மேல் டிவிஷனில் மாரிசாமி லொறியில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். செசிலியும் அங்கேதான் கொழுந்து நிறுத்தாள். அவள் எடுத்த கொழுந்தும் அந்த லொறியில்தான் ஏறியது. அந்த இடத்தில் அவர்கள் பேசியதை செசிலியே பிறகு சொன்னாள்.

"தங்கச்சி, இன்னும் எத்தன நாளைக்கு?"

"முப்பதுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்குண்ணே. கோவிச்சுக்காதீங்க."

"சேச்சே, கோவம் என்ன. ஹோன் மட்டுமில்ல, அந்த எடம் வந்தா நான் நியூட்ரல்ல விட்டுர்றேன். லோடு லொறி எரைச்சலு, ஹோன விட மோசமில்லியா."

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்ணே."

அந்த லொறி ஃபெக்டரிக்குப் போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமை அடக்கம். பஸீலின் ஆட்டோவில் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மூடுபனி வேறு. நாங்கள் மேல் டிவிஷன் வரை போய், அங்கே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். லயத்துக்கிட்டத் திருப்ப இடம் கிடையாது. வளைவு வந்ததும் பஸீலின் கட்டைவிரல் பழக்கத்தில் ஹோனுக்குப் போனது. கொடியைக் கண்டதும் எடுத்துவிட்டான்.

"அடிக்காதே, மவுத்து வூடு" என்றேன் நானும்.

கேட்டீர்களா? அந்த இடத்தில், அந்தப் பையன் விழுந்து இரண்டு நாள் கழித்து, நானும் அதையேதான் சொன்னேன். எங்களுக்கெல்லாம் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சவரிமுத்துவுக்குக் கட்டிய கொடி மழையில் பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்காமல் பக்கத்திலேயே புதுக்கொடி கட்டியிருந்தார்கள். ரோட்டில் இரத்தம் இருந்த இடத்தில் சாம்பல் கொட்டி வைத்திருந்தார்கள். நான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குள் பெண்கள் கூட்டம். உபதேசியார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். செசிலி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுற்றி இருந்தவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அவள் மரக்கட்டை மாதிரி இருந்தாள். பெட்டித் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நானா, பிரேக் நல்லாத்தான் இருந்திச்சாமே" என்றாள்.

"ஓம் தங்கச்சி" என்றேன்.

பின்பக்கம் அடுப்படியில் ஜெசீகா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதுப் பிள்ளை, அண்ணன் பெட்டியில் கிடக்கிறான், இவள் கிளாஸ் கழுவுகிறாள். எனக்கு ஒரு கிளாஸைத் தந்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"நானா, எல்லாரும் அண்ணன் வேகமாப் போயிருக்கும்னு சொல்றாங்க. அப்புடி இல்ல. நான் கிளாசுக்குப் போக சைக்கிள்ல பின்னாலதான வந்தேன். பாத முடிவுல அண்ணன் நின்னுச்சு. கால ஊணிக்கிட்டு நின்னு, காது கொடுத்துக் கேட்டிச்சு. என்னயும் பேசாம இருன்னுச்சு. சத்தமே இல்ல நானா. 'வா, ஒண்ணும் வரல'ன்னு சொல்லிட்டுத்தான் எறங்குச்சு."

"யா அல்லாஹ்."

"எங்களுக்கு மறந்து போச்சு நானா. பத்தொம்பது நாளா யாரும் அடிக்கலங்கிறது தெரியும். ஆனா அந்த எடத்துல வந்து நின்னா காது பழையபடிதான் கேக்குது. சத்தமில்லன்னா வண்டியில்லன்னுதான் தோணுது."

அவள் கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வாங்கி வைத்தேன்.

"மாரிசாமி மாமா பொலிசுல என்னா சொல்லியிருக்காரு தெரியுமா? ஹோன் அடிக்க மறந்துட்டேன்னு சொல்லியிருக்காரு. மறக்கல நானா. அம்மாதான் அடிக்க வேணாம்னுச்சு. அத அவரு சொல்லவே இல்ல. அம்மாவும் சொல்லல. அப்பா, 'அவன் ஜெயில்லயே சாகட்டும்'ங்கிறாரு. அம்மா கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கு. நான் சொல்லிரட்டுமா நானா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இந்தப் பிள்ளை என்னை நம்பிக் கேட்கிறது. அங்கே மாரிசாமி ரிமாண்டில் கிடக்கிறார். எனக்கோ, பெட்டி கிடக்கும் வீட்டில் பெற்றவள் தலையில் இதைத் தூக்கிப் போடுவதா என்று பயம். "இப்ப வேணாம் மகள். அடக்கம் முடியட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதுளையிலிருந்து கெவினோடு படித்த பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு பஸ் திருப்புவதற்காக மேலே ஏறிப் போனது. அந்த நேரத்தில்தான் கீழே ரோட்டில் சத்தம் கேட்டது. மாரிசாமியின் மனைவி நிரஞ்சலா வந்திருந்தாள். ஒரு மாலையைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு, பாதை முடிவில், பாறைக்குப் பக்கத்தில் நின்றாள். லயத்துப் பையன்கள் அவளை மேலே விடாமல் மறித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிப் போனேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?"

"தம்பி, நான் தூக்குன புள்ளப்பா அது. ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்."

"இருவத்திரெண்டு வருசமா அடிச்ச ஹோனு, மறந்து போச்சாமா? குடிச்சிட்டுத்தான ஓட்டுனாரு?"

"மாதா மேல சத்தியமா அவரு குடிக்கிறதில்ல."

"மாதா பேரச் சொல்லாதீங்க! அந்த மாதாவுக்கு முன்னாலதான் கொன்னுருக்காரு!"

அந்தோனிமுத்து திறந்த கதவில் வந்து நின்று பார்த்தார். மறிக்கவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நிரஞ்சலா ரோட்டு நடுவில், மழையில் நனைந்துகொண்டு, கையெடுத்துக் கும்பிட்டபடி.

பாறைக்குப் பின்னாலிருந்து பஸ் வந்தது. சத்தமே இல்லை. கண்ணுக்கு முன்னால் திடீரென்று சிவப்பாக ஒரு சுவர் எழும்பின மாதிரி இருந்தது. யாரோ அலறினார்கள். பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தேன். நிரஞ்சலாவுக்கு ஓடத் தோன்றவில்லை. டயர் கிரீச்சிட்டு, பஸ் அவளிடமிருந்து இரண்டடியில் நின்றது. மாலை கீழே விழுந்து கிடந்தது.

டிரைவர் சிங்களவர், வயசாளி. முகம் வெளுத்துப்போய் இறங்கி ஓடி வந்தார். "ஐயோ அம்மா, செத்த வீடுதானே... அதுக்குத்தான் ஹோன் அடிக்கல்ல. இஞ்சின் சத்தமும் வேணாம்னுதான் மெதுவா விட்டது" என்றார்.

அப்போதுதான் செசிலி இறங்கி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, வெறுங்காலோடு, அந்தச் சறுக்குப் பாதையில் எப்படி அவ்வளவு வேகமாக வந்தாளோ. நேரே வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள்.

"ஹோன அடிங்க" என்றாள்.

டிரைவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"ஏறிப் போயி ஹோன அடிங்க. செத்தவங்களுக்குக் கேக்காது. அடிங்க!"

"செசிலி!" என்று அந்தோனிமுத்து மேலிருந்து கத்தினார். "ஒனக்கென்ன பைத்தியமா? உள்ள வா!"

"ஆமா, பைத்தியந்தான். இந்தப் பைத்தியந்தான் ஊருல உள்ள டிரைவருங்க கிட்டயெல்லாம் போயி, ஹோன் அடிக்காதீங்கன்னு கெஞ்சுச்சு." அவள் பையன்கள் பக்கம் திரும்பினாள். "மாரிசாமி அண்ணன் மறக்கல. கேட்டுக்கோங்க. அன்னிக்குக் காலையில கூட என்கிட்ட கேட்டாரு, இன்னும் எத்தன நாளைக்குன்னு. பதினோரு நாளைக்கின்னேன். நியூட்ரல்ல விட்டுர்றேன்னாரு. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். கொன்னது அவரில்ல. நான் கட்டுன கொடி. நான் கேட்ட மௌனம். எம்புள்ள நின்னு கேட்டிருக்கான், அவன் காதுல ஒண்ணுமே விழாம பண்ணுனவ நாந்தான்."

மழைத் தூறல் பஸ் கூரையில் விழும் சத்தம் மட்டும்தான். மேலே கதவில் ஜெசீகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அந்த மனுசன் என்னக் காட்டிக் குடுக்காம உள்ள கெடக்குறாரு. நான் பெட்டிக்கிட்ட உக்காந்து துணிய நீவிக்கிட்டு இருக்கேன்" என்றாள் செசிலி. பிறகு டிரைவரைப் பார்த்து, "அடிங்க ஐயா. ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

பெரியவர் ஏறிப் போய் உட்கார்ந்தார். பிறகு அடித்தார். நீளமாக அடித்தார். அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும். பத்தொன்பது நாளும் பிறகு இரண்டு நாளும் கேட்காத சத்தம், எங்கள் எல்லோர் நெஞ்சிலும் வந்து இடித்தது. செபமாலை நின்றுபோனது. வீட்டுக்குள் பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

செசிலி குனிந்து மாலையை எடுத்து, சேறு உதறி, நிரஞ்சலாவின் கையில் கொடுத்து, கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். பையன்கள் வழிவிட்டார்கள். வாசலில் அந்தோனிமுத்து நின்றார். அடிப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணாடி கேட்டான். நாந்தான் சிரிச்சேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். அப்புறம் ஒதுங்கி நின்று நிரஞ்சலாவை உள்ளே விட்டார்.

அன்றைக்கு அடக்கத்துக்குப் போன எல்லா வாகனமும் அந்த வளைவில் ஹோன் அடித்துக்கொண்டுதான் போனது. பெட்டி வைத்த லொறியும்.

கொடி எல்லாவற்றையும், பழசு புதுசு பார்க்காமல், செசிலி தன் கையாலேயே அவிழ்த்தாள். மறுநாளே பொலிசுக்குப் போய், டிரைவர்களிடம் தான் கேட்டுக்கொண்டதை அப்படியே சொல்லி, கையெழுத்து வைத்தாள். வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. பத்து நாளைக்குப் பிறகு மாரிசாமிக்குப் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மனுஷன் லொறியைத் தொடுவதில்லை, தோட்டத்தில் புல் வெட்டப் போகிறார். வளைவுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. ஜெசீகா திரும்பவும் கடிதம் எழுதி, இந்தத் தடவை நூற்றுப் பதினேழு கையெழுத்து வாங்கியிருக்கிறாள். பார்ப்போம். பெரியவர்களுக்கு ஒரு கண்ணாடி வாங்க இன்னும் எத்தனை பிள்ளை வேண்டுமோ தெரியாது.

கெவினின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுவாரம் செசிலி கடைக்கு வந்தாள். ஜெசீகா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள். விபத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை சைக்கிளைத் தொடாது என்றுதான் நினைத்தேன். பஸ் இல்லாத ஊரில் பரீட்சை எழுத வேண்டுமே. தொட்டுத்தான் ஆக வேண்டும்.

"நானா, பிரேக்கப் பாருங்க" என்றாள் செசிலி.

பார்த்தேன். நான் பார்த்த பிறகு அவளும் உட்கார்ந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, தானே பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை.

"மணி வேணாம். அது சின்னச் சத்தம். பெரிய சத்தம் வாற மாதிரி ஒண்ணு போடுங்க."

கறுப்பு ரப்பர் உருண்டை வைத்த ஹோன் ஒன்றை எடுத்தேன். மீன்காரர்கள் போடுவது.

"அம்மா, இது மீன்காரன் ஹோன்மா. கிளாசுல எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள் ஜெசீகா.

"சிரிக்கட்டும்."

ஹெண்டிலில் பூட்டி முறுக்கினேன். பக்கத்தில் அவள் சைக்கிள் மட்காட்டிலும் 'புகை இல்லை' என்று கெவினின் எழுத்து. அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"அடிச்சுக் காட்டுங்க நானா."

அழுத்தினேன். எதிர்க் கடை மொஹிதீன் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"இன்னொரு தடவ."

அழுத்தினேன்.

"பாற வரைக்கும் கேக்குமா?"

"கேக்கும் தங்கச்சி."

"இன்னொரு தடவ அடிங்க நானா."

அடித்தேன். செசிலி கடைப்படியில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பெட்டிக்கிட்ட அழாதவள், குழி மூடும்போது அழாதவள், பொலிசில் அழாதவள், அங்கே, என் கடைப்படியில், பழைய டயருக்கும் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்து கதறினாள். ஜெசீகா ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அழுகை அவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று, நான் கையை எடுக்காமல் அந்த ஹோனை அடித்துக்கொண்டே இருந்தேன்.